“அஞ்சு நிமிஷ வேலைதானே” என்று வருகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வியின் சுருக்கம் இது. சேலம் அஸ்தம்பட்டியில் வீட்டில் இருந்தபடியே பத்துப் பன்னிரண்டு கடைகளுக்குக் கணக்கு எழுதி, மாதா மாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுக்கிறார் ஒருவர். “வீட்லதானே இருக்கீங்க” என்று உறவும் அக்கம்பக்கமும் ஆளுக்கொரு சில்லறை வேலை தருகிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே பெரிசில்லை. ஆனால் ஜிஎஸ்டி கட்டக் கடைசி நாளான 20-ம் தேதி நெருங்கினால் ராத்திரி இரண்டு மணி வரை கண் விழிக்க வேண்டியிருக்கிறது. உறவும் கெடாமல் நேரமும் போகாமல் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது, எப்படிச் சொல்வது என்று கேட்கிறார்.

“முடியாது என்று சொல்லப் பழகுங்கள்” என்பதுதான் இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில். அது பாதி பதில்கூட இல்லை. நம் ஊரில் நேரத்தை அதிகம் தின்பது “சரி” என்று ஏற்ற வேலை அல்ல, “பாக்கலாங்க” என்று சொல்லி விட்ட வேலை. சொன்னவர் அதை மறுப்பாக நினைத்துச் சொல்கிறார். கேட்டவர் அதை முக்கால் சம்மதமாக எடுத்துக்கொண்டு போகிறார். நாலு நாள் கழித்து அவர் போன் செய்வார், நீங்கள் எடுக்க மாட்டீர்கள். தெருவில் எதிரே வந்தால் மருந்துக் கடைக்குள் நுழைந்துகொள்வீர்கள். மூன்றாவது போனில் மாட்டிக்கொண்டு செய்தே கொடுப்பீர்கள், அதுவும் தாமதமாக, நல்ல பெயரும் இல்லாமல். முதலிலேயே ஏற்றிருந்தாலும் லாபம், மறுத்திருந்தாலும் லாபம்.

முடியாமல் தொங்கும் வேலை மனதில் இடம் பிடித்துக்கொள்வதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் வெளியிட்ட கட்டுரையில், ஒன்றை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவுகிறவர்களின் கவனத்தில் ஒரு பங்கு பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அடுத்த வேலை அந்த அளவுக்குக் கெடுகிறது என்று காட்டினார். கணக்கு எழுதுகிறவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. கொள்முதல் பில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு போன் வந்தால், எந்த பில் வரை ஏற்றினோம் என்று மேலிருந்து மறுபடி டிக் அடித்துக்கொண்டே வர வேண்டும். பேசியது மூன்று நிமிடம், போனது இருபது.

அடுத்து, சின்ன வேலை என்பதன் உண்மையான அளவு. சேலத்துக்காரர்களுக்கே உரிய ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். மே மாதம் சென்னையிலிருந்து சித்தி போன் செய்கிறார்: “ரெண்டு பெட்டி மாம்பழம் வாங்கி அனுப்பிடேன், அஞ்சு நிமிஷ வேலைதானே.” மல்கோவாவா இமாம்பசந்தா, எத்தனை கிலோ, எந்த விலைக்குள் என்று பேசி முடிக்க 15 நிமிடம். கடைவீதிக்குப் போய், வண்டி நிறுத்த இடம் தேடி, திரும்பி வர 50. பழம் பொறுக்கி, எடை போட்டு, விலை பேச 25. அட்டைப் பெட்டி, வைக்கோல், பழைய பேப்பர், கயிறு, பெட்டி மேல் மார்க்கர் பேனாவில் விலாசம் என்று 20. பார்சல் ஆபீஸில் வரிசை, ரசீது என்று 30. ரசீதைப் படம் எடுத்து அனுப்பி, “இன்னும் வரலையே” என்றதும் ஆபீஸுக்குப் போன் போட 15. மூன்றாம் நாள் “நாலு பழம் அழுகிடுச்சேப்பா” என்ற சம்பாஷணைக்கு 10. மொத்தம் 165 நிமிடம், இரண்டே முக்கால் மணி நேரம். பணம் உடனே வந்தால் சரி, “நேர்ல வரும்போது தரேன்” என்றால் அது தனிக் கதை.

அந்த நாலு பழம் ஏன் அழுகியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், மாம்பழம் அனுப்பியே ஆக வேண்டியவர்களுக்கு உதவும். கடையில் மணக்க மணக்க இருக்கும் பழத்தை எடுத்தால் பெட்டிக்குள் அடுத்த நாளே நசுங்கும். பார்சலுக்கு முற்றிய காயாக, அழுத்தினால் கல் மாதிரி இருப்பதாக எடுக்க வேண்டும். பெட்டியில் நாலு பக்கமும் ஓட்டை இல்லாவிட்டால் உள்ளே சூடு ஏறும். ஒரு பழம் கசிந்தால் பக்கத்தில் இருப்பதும் போகும்.

இதே கோரிக்கைக்கு வேறு பதிலும் உண்டு. “சித்தி, நான் வழக்கமா வாங்கற கடை நம்பர் அனுப்பறேன். நீங்களே பேசி ஜிபேல பணம் போட்டுடுங்க, அவங்களே பெட்டி கட்டி பார்சல் போட்டுடுவாங்க.” இப்போதுதான் அது அஞ்சு நிமிட வேலை. சித்திக்கும் தனக்கு வேண்டிய ரகத்தைத் தானே கேட்டு வாங்கிய திருப்தி. ஏற்பது, மறுப்பது என்ற இரண்டுக்கு நடுவில் “சுருக்குவது” என்று ஒன்று இருக்கிறது. வருவதில் பாதியையாவது இப்படிச் சுருக்கிவிடலாம்.

எல்லாவற்றையும் சுருக்க முடியாது. வெள்ளிக் கொலுசு அப்படி. “செவ்வாய்பேட்டைல விலை கம்மியாமே” என்று வெளியூரில் இருந்து கேட்பார்கள். எத்தனை கிராம், எத்தனை இஞ்ச், எத்தனை டச் (வெள்ளியின் சுத்தம்), முத்து வைத்ததா வைக்காததா என்று நாலு சுற்றுப் பேச்சு நடக்கும். வெள்ளி விலை தினமும் மாறுவதால் நேற்றுச் சொன்ன தொகை இன்று இருக்காது. வாங்கி அனுப்பிய பிறகு அளவு பத்தாது. ஆறு மாதத்தில் கறுத்தால் கடைக்காரர் தப்பித்துக்கொள்வார், பேச்சு உங்கள் மேல் விழும். அடுத்தவர் பணத்தில் அடுத்தவர் ருசிக்கு நீங்கள் பொருள் வாங்கும் எந்த வேலையையும் நான் சின்ன வேலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சொந்த அக்கா தங்கை கேட்டால் செய்யலாம். மற்றவர்களிடம், “ஒரு நாள் நீங்களே வாங்க, கடைக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லுங்கள். பெரும்பாலும் வர மாட்டார்கள்.

இப்போது நேரத்தை அளந்துகொள்ளும் வேலை. சமையலறையில் தொங்கும் மாதக் காலண்டரே போதும், புதிய ஆப் எதுவும் வேண்டாம். உங்கள் தொழிலுக்குக் கெடு தேதிகள் அச்சடித்த மாதிரி இருக்கின்றன: 7-ம் தேதி டிடிஎஸ் (பிடித்த வரி) கட்ட, 11 ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20 ஜிஎஸ்டிஆர்-3பி (மாத வரிக் கணக்கு). இந்த மூன்றையும் சிவப்பில் வட்டமிடுங்கள். 4 முதல் 11 வரை, 15 முதல் 20 வரை உள்ள நாட்களில் குறுக்குக் கோடு போடுங்கள். இவை கதவு சாத்திய நாட்கள். மீதம் 1 முதல் 3, 12 முதல் 14, 21 முதல் மாதக் கடைசி வரை. முதல் இரண்டு இடைவெளியில் தலா ஒன்று, மூன்றாவதில் மூன்று என்று ஐந்து கட்டம் வரையுங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒன்றரை மணி நேரம். ஊர் வேலைக்கு மாதத்தில் உங்களிடம் உள்ள கையிருப்பு இந்த ஏழரை மணி நேரம்தான். மேலே சொன்ன மாம்பழப் பெட்டி இதில் இரண்டு கட்டத்தை விழுங்கும்.

ஏற்ற வேலையை எல்லாம் கட்டத்துக்குள் பென்சிலில் எழுதுங்கள், யாருக்கு, என்ன என்று இரண்டு வார்த்தை போதும். ஐந்து கட்டமும் நிரம்பிவிட்டால் அடுத்தது அடுத்த மாதத்துக்கு. இது நடக்க வேண்டுமானால் முதல் மாதம் ஒரு காரியம் செய்ய வேண்டும்: யார் எந்தச் சின்ன வேலை கேட்டாலும், ஏற்றாலும் மறுத்தாலும், ஒரு பழைய டைரியில் வரி வரியாக எழுதிக்கொண்டு வாருங்கள். பக்கத்தில் நினைத்த நேரம், ஆன நேரம் என்று இரண்டு எண். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால், யாரால் எவ்வளவு போகிறது என்பது நீங்கள் நினைத்திருந்த வரிசையில் இருக்காது. நிறையத் தொந்தரவு தருகிறார் என்று நீங்கள் எரிச்சல்படும் மாமா மாதம் இருபது நிமிடம்தான் எடுத்திருப்பார். எப்போதும் இனிமையாகப் பேசும் ஒருவர் ஆறு மணி நேரம் எடுத்திருப்பார்.

நினைத்த நேரமும் ஆன நேரமும் ஒட்டாது என்பதற்கு நல்ல சோதனை ஒன்று உண்டு. 1994-ல் ரோஜர் பூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் மூவரும் கல்லூரி மாணவர்களிடம் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள், ஆனது 55.5 நாள். தங்கள் சொந்த வேலையிலேயே இப்படி. அடுத்தவர் வேலையில், அவர் சொல்லும் “அஞ்சு நிமிஷ”த்தை வைத்துக் கணக்குப் போடுவது எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேச்சு, போக்குவரத்து, பின்தொடர்தல் மூன்றையும் சேர்க்க, நீங்கள் நினைக்கும் நேரத்தை மூன்றால் பெருக்குங்கள். டைரி எண்கள் சேரச் சேர, உங்களுக்கான பெருக்கல் எண் இரண்டா நாலா என்பது தெரிந்துவிடும்.

இதைவிடப் பெரிய ஏமாற்று, அடுத்த மாதம் காலியாக இருப்போம் என்ற நினைப்பு. கால் ஸாபர்மனும் ஜான் லிஞ்சும் 2005-ல் இதைப் பற்றி எழுதினார்கள்: எதிர்காலத்தில் கையில் காசு மிச்சமிருக்கும் என்று மனிதர்கள் அவ்வளவாக நம்புவதில்லை, ஆனால் நேரம் மட்டும் தாராளமாக இருக்கும் என்று நம்புகிறார்கள். அதனால்தான் ஆனி மாதம் உட்கார்ந்துகொண்டு ஆவணி வேலைக்குச் சுலபமாகத் தலையாட்டுகிறோம். ஆவணி வரும்போது அதிலும் 20-ம் தேதி இருக்கும். யாராவது தள்ளிப்போன தேதியில் ஒன்று கேட்டால், “இதையே நாளைக்குக் காலை பத்து மணிக்குக் கேட்டால் போவேனா?” என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். போக மாட்டேன் என்றால் ஆவணியிலும் வேண்டாம்.

கேட்ட உடனே வாய் தானாகச் “சரிங்க” என்று சொல்வதுதான் பலருக்குச் சிக்கல். எலன் லாங்கரும் உடனிருந்தவர்களும் 1978-ல் வெளியிட்ட ஜெராக்ஸ் சோதனை இதைக் காட்டுகிறது. நகல் எடுக்க நிற்பவரிடம் ஒருவர் போய், “ஐந்து பக்கம்தான், நான் முதலில் எடுத்துக்கொள்ளட்டுமா” என்று கேட்டால் 60 சதவீதம் பேர் விட்டார்கள். “நகல் எடுக்க வேண்டியிருக்கிறது, அதனால்” என்று ஒன்றுமே சொல்லாத ஒரு காரணத்தைச் சேர்த்ததும் 93 சதவீதம் பேர் விட்டார்கள். ஆனால் அதையே இருபது பக்கத்துக்குக் கேட்டபோது அந்த வெற்றுக் காரணத்தால் ஒரு பயனும் இல்லை, காரணம் சொல்லாமல் கேட்டபோது விட்ட அதே 24 சதவீதம்தான். வேலை சின்னதாகத் தெரிந்தால் நாம் யோசிப்பதே இல்லை, வாசல் காவலாளி தூங்கிவிடுகிறார். ஆகவே சின்ன வேலைக்குத்தான் நின்று பதில் சொல்லும் பழக்கம் அதிகம் வேண்டும். “காலண்டரைப் பாத்துட்டு ராத்திரி எட்டு மணிக்குள்ள சொல்லிடறேனுங்க.” எட்டு மணி என்று நேரம் சொன்னால் எட்டுக்கு முன் நீங்களே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். நேரம் குறிப்பிடாமல் “அப்பறம் சொல்றேன்” என்றால் அது பழைய “பாக்கலாம்”தான், சட்டை மட்டும் வேறு.

வால் உள்ள வேலை, வால் இல்லாத வேலை என்று ஒரு பிரிவினை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விண்ணப்பத்தை ஒருமுறை நிரப்பிக் கொடுப்பது, அது முடிந்தால் முடிந்தது. சீட்டுக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பது, பக்கத்து வீட்டுப் பையனுக்கு “பரீட்சை வரைக்கும்” கணக்குச் சொல்லிக் கொடுப்பது, அடுக்ககச் சங்கத்தில் பொருளாளராக இருப்பது, இவற்றுக்கெல்லாம் வால் நீளம். இருபது பேர் சீட்டு என்றால் இருபது மாதம் ஆள் விரட்ட வேண்டும். எடுத்தவர் கட்டாமல் விட்டால் சேர்த்துவிட்டவரைத்தான் கேட்பார்கள். இந்த வகையைக் கட்டத்தில் எழுதுவதற்கு முன்பே தள்ளுங்கள், அல்லது முடியும் தேதியோடு மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

“ஒரு கையெழுத்துதானே” என்று வரும் ஜாமீனை இந்தப் பேச்சிலேயே சேர்க்கக்கூடாது. 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தாலொழிய, ஜாமீன் போட்டவரின் பொறுப்பும் கடன் வாங்கியவரின் பொறுப்பும் ஒரே அளவு. பத்து விநாடிக் கையெழுத்து, கடன் முடியும் வரை வால்.

வால் எப்படி முளைக்கிறது என்பதைக் கோயில் கமிட்டியில் நன்றாகப் பார்க்கலாம். ஆடி வந்தால் சேலத்தில் கோட்டை மாரியம்மன் கோயிலில் தொடங்கிப் பேட்டைக்குப் பேட்டை மாரியம்மன் பண்டிகை. குகை, அம்மாபேட்டை, செவ்வாய்பேட்டையில் வண்டி வேடிக்கை. ஆனியிலேயே ஒருவர் வந்து, “நோட்டீஸ் மட்டும் டைப் பண்ணிக் குடுத்துடுங்க” என்பார். நல்ல காரியம், செய்து கொடுப்பீர்கள். அடுத்த வாரம், “நன்கொடை ரசீது புக்கு நம்பர் போட்டு வெச்சுடுங்க, உங்களுக்குத் தெரியாததா.” அதற்கடுத்த வாரம் வரவு செலவு நோட்டு உங்கள் மேஜையில் இருக்கும். இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் இந்த வழியை ஜொனாதன் ஃப்ரீட்மன், ஸ்காட் ஃப்ரேசர் இருவரும் 1966-ல் அமெரிக்காவில் அளந்தார்கள். பாதுகாப்பாக ஓட்டுங்கள் என்ற பிரம்மாண்டமான பலகையை வீட்டு முன் நட அனுமதி கேட்டபோது, நேராகக் கேட்கப்பட்டவர்களில் ஆறில் ஒருவர்தான் சம்மதித்தார். இரண்டு வாரம் முன்பு அதே விஷயத்துக்கு ஒரு சின்னஞ்சிறு ஸ்டிக்கரை ஒட்டிக்கொள்ளச் சம்மதித்திருந்தவர்களில் நாலில் மூன்று பேர் பலகைக்கும் சரி என்றார்கள்.

சேர்வராயன் மலைக் காபித் தோட்டங்களில் தண்டை ஒட்டி நேராக மேலே கிளம்பும் நீர்ப்போத்துகளைப் பிஞ்சிலேயே கையால் ஒடித்துவிடுவார்கள். காபி காய்ப்பது பக்கவாட்டுக் கிளையில். நீர்ப்போத்து சத்தை மட்டும் இழுக்கும். விட்டு வைத்து முற்றினால் கத்தி வேண்டும், தண்டிலும் காயம். அதே மாதிரி, நோட்டீஸ் டைப் செய்யும் அன்றே சொல்லிவிடுங்கள்: “நோட்டீஸ் என் பங்குங்க. வருஷா வருஷம் இதை நான் பண்ணித் தரேன். பணம், ரசீது பக்கம் மட்டும் நான் வர்றதில்லீங்க.” இப்படி உங்கள் பங்கை நீங்களே பெயர் சொல்லி வைத்துக்கொண்டால் மற்றதைக் கேட்பது அவர்களுக்கே கூச்சமாக இருக்கும்.

“வர்றதில்லீங்க” என்று போட்டதில் காரணம் இருக்கிறது. “முடியாது” என்றால் அன்றைக்கு ஒரு தடை இருக்கிறது என்று பொருள். தடையை நீக்கிக் கொடுக்க நம் மக்கள் உடனே முன்வருவார்கள். “செய்யறதில்லை” என்றால் வழக்கம். வழக்கத்தோடு யாரும் பேரம் பேசுவதில்லை, விரதம் இருப்பவரைச் சாப்பிடச் சொல்லி யாரும் இழுப்பதில்லை அல்லவா. ஆங்கிலத்தில் இதே வேறுபாட்டை வனெஸ்ஸா பேட்ரிக்கும் ஹென்ரிக் ஹாக்ட்வெட்டும் 2012-ல் சோதித்து, “செய்வதில்லை” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்பவர்கள் தின்பண்ட ஆசையை நன்றாகத் தாங்கினார்கள் என்று எழுதினார்கள். அது தன்னைத் தானே கட்டுப்படுத்தும் விஷயம். எதிராளியிடமும் அது வேலை செய்கிறது என்பது என் கணிப்பு. ஒரு நிபந்தனை: ஒரு முறை ஒருவருக்காக உடைத்தால் அது வழக்கம் இல்லை என்று தெருவுக்கே தெரிந்துவிடும்.

காரணம் ஒன்று போதும், உண்மையாக இருக்க வேண்டும். மூன்று காரணம் சொன்னால் மிக பலவீனமானதைப் பிடித்துக்கொள்வார்கள். “பையனுக்கு டியூஷன் இருக்கு” என்றால் “அவனையும் கூட்டிட்டு வாங்க”. “வண்டி ரிப்பேர்” என்றால் “நான் வந்து கூட்டிட்டுப் போறேன்”. “உடம்பு சரியில்லை” என்பது இருப்பதிலேயே மோசம். சாயங்காலம் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு நலம் விசாரிக்க வந்துவிடுவார்கள், அதற்கு ஒரு மணி நேரம் போகும், படுத்துக்கொண்டு வேறு இருக்க வேண்டும்.

ஆளுக்கு ஏற்ற மாதிரி சொல்லும் முறை மாறும். பெரியப்பா போன்ற மூத்தவர்களிடம் வாட்ஸ்அப்பில் மறுக்கக் கூடாது. எழுத்தில் எல்லாம் முரட்டுத்தனமாகத் தெரியும். போன் செய்து, அல்லது நேரில், முதலில் நலம் விசாரித்து, “பெரிப்பா, 20-ம் தேதி வரைக்கும் கணக்கு முடிக்கற வேலை, தலை தூக்க முடியாது. 22-ம் தேதி காலைல வந்து பண்ணித் தரட்டுங்களா?” என்று தேதியை நீங்கள் முன்வையுங்கள். மூத்தவர்களுக்குப் பெரும்பாலும் வேலை அவசரமில்லை, தான் மதிக்கப்படுகிறோம் என்பதுதான் முக்கியம். 22-ம் தேதி போய்விட வேண்டும், அதில் தவறினால் இந்த முறையே பாழ்.

பக்கத்து வீட்டு அக்கா “சும்மா ஒரு கேள்வி” என்று வருமான வரிச் சந்தேகத்தோடு வருவது தொழிலும் நட்பும் கலக்கும் இடம். நின்றுகொண்டே பதில் சொல்லக்கூடியது என்றால் வாசலிலேயே சொல்லி அனுப்புங்கள், உட்கார வைக்காதீர்கள். லேப்டாப்பைத் திறக்க வேண்டியது என்றால் அது வேலை: “அக்கா, இதுக்கு ஃபாரம் 16, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் வேணும். எடுத்து வெச்சுட்டு சனிக்கிழமை நாலு மணிக்கு வாங்க, இவ்வளவு ஆகும்.” தொகையை அப்போதே சொல்லிவிடுங்கள். வாடிக்கையாளர் கடைக்காரர்கள் கேட்கும் கூடுதல் வேலைக்கும் இதே. “மின் கட்டணம் ஆன்லைன்ல கட்டி விடுங்க” என்று ஆரம்பிப்பதை மூன்றாவது முறையே மாதச் சம்பளத்தில் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் அது உங்கள் கடமையாகிவிடும், மறந்தால் திட்டும் விழும்.

கல்யாணப் பத்திரிகைகள். ஆடி, மார்கழி தவிர்த்து, முகூர்த்த நாள் ஒன்றுக்கு மூன்று அழைப்பு வருவது சாதாரணம். சாயங்கால வரவேற்பைவிட அதிகாலை முகூர்த்தம் நேரத்துக்குச் சிக்கனம். காலை ஆறு மணிக்கு ஐந்து ரோடு சந்திப்பு காலியாக இருக்கும். தாலி கட்டியதும் மொய் எழுதி, டிபன் சாப்பிட்டு எட்டரைக்கு வீட்டில் இருக்கலாம். வரவேற்பு என்றால் நெரிசலில் போய், மேடைக்கு வரிசையில் நின்று, போட்டோ எடுத்து, பந்திக்குக் காத்திருந்து, திரும்பப் பத்தாகும். யார் வீட்டுக்கு நேரில் போவது, யாருக்கு மொய் மட்டும் கொடுத்தனுப்புவது என்பதற்கு வீட்டு மொய் நோட்டைப் பாருங்கள். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்தவர் பெயர் அதில் இருந்தால் போகத்தான் வேண்டும். துக்க வீட்டுக்குக் கட்டமும் இல்லை காலண்டரும் இல்லை. 20-ம் தேதியாக இருந்தாலும் போய்விட்டு வாருங்கள். நல்லதுக்கு வராததை மறப்பார்கள், கெட்டதுக்கு வராததை மறக்க மாட்டார்கள்.

வாட்ஸ்அப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செட்டிங்ஸில் பிரைவசி, அதற்குள் குரூப்ஸ் போனால், யார் உங்களைக் குழுவில் சேர்க்கலாம் என்று கட்டுப்படுத்தலாம். இருக்கும் குழுக்களை “எப்போதும்” என்று மியூட் செய்து ஆர்க்கைவில் போடுங்கள். நீல டிக்கை அணைக்கலாம், ஆனால் குழுச் செய்திகளுக்கு அது பொருந்தாது, மற்றவர்கள் படித்ததும் உங்களுக்குத் தெரியாது. குழுவை விட்டு வெளியேறினால் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும். இருந்தாலும் வெளியேறியவர் பட்டியலை 60 நாள் வரை யாரும் பார்க்கலாம், ஆகவே சொந்தக்காரர்கள் குழுவில் மியூட்டே மேல்.

ஏற்கெனவே தலையில் இருப்பவற்றைக் கழற்றுவதற்குப் பருவம் உண்டு. கமிட்டிப் பொறுப்பைப் பண்டிகைக்கு முன் உதறினால் பத்து வருஷம் பேசுவார்கள். பண்டிகை முடிந்து கணக்கு வாசிக்கும் கூட்டத்தில், எல்லோர் முன்னும், நோட்டு, ரசீதுக் கட்டு, மீதிப் பணம், பேங்க் பாஸ்புக் நான்கையும் மேஜையில் வைத்து, வாங்கிக்கொண்டவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கில் உங்கள் கையெழுத்து இருந்தால் தீர்மான நகல் கொடுத்து அதை மாற்றும் வரை நீங்கள் வெளியே வந்ததாக அர்த்தமில்லை. அதை அந்த வாரமே முடிக்க வேண்டும், விட்டால் ஒவ்வொரு செக்குக்கும் உங்களைத் தேடி வருவார்கள். இலவச டியூஷனை அரையாண்டுப் பரீட்சை முடிந்த அன்று நிறுத்துங்கள், நடுவில் வேண்டாம். அந்தப் பையன் மேல் தப்பில்லை.

கடைசியாக ஏற்காடு. சேலத்தில் வீடு இருந்தால் ஏப்ரல், மே மாதங்களில் இது தப்பாது: “ரூம் போட்டுக் குடு, வண்டி பேசிக் குடு, கூடவே வந்தா நல்லா இருக்கும்.” கோடை விழா நேரத்துச் சனி ஞாயிறு என்றால் ஒரு நாள் முழுக்கப் போகும், மலைப்பாதையை ஒருவழியாக்கி, இறங்கும் வண்டிகளைக் குப்பனூர் பக்கம் திருப்பிவிட்டால் இன்னும் இழுக்கும். இதற்கு ஒரே ஒரு செய்தியை எழுதிப் போனில் வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொருவருக்கும் பெயரை மட்டும் மாற்றி அனுப்பலாம்:

“வாங்க வாங்க, ரொம்ப சந்தோஷம். ரூமுக்கு சுற்றுலாத் துறையோட தமிழ்நாடு ஹோட்டல் இருக்கு, ஆன்லைன்லயே போட்டுக்கலாம். சனி ஞாயிறு வேண்டாம், திங்கள்ல இருந்து வியாழனுக்குள்ள வந்தா கூட்டம் கம்மி. புது பஸ் ஸ்டாண்டுல இருந்து பஸ் இருக்கு. 20 கொண்டை ஊசி வளைவு, குழந்தைங்களுக்கு ஏறறதுக்கு முன்னாடி வயிறு முட்டக் குடுக்காதீங்க. கூடவே நான் வர்றதில்லை. இறங்கி வர்ற அன்னைக்கு மத்தியானச் சாப்பாடு நம்ம வீட்டுல. எத்தனை பேருன்னு மட்டும் முந்தின நாள் சொல்லிடுங்க.”